இயங்குதளத்தை மறுநிறுவும் முன் காப்புநகல் எடுத்தல்

காப்புநகல் என்பது கணினியில் உள்ள கோப்புகளை வேறொரு சேமிப்புச் சாதனத்தில் படியெடுத்து வைப்பதாகும். கணினி மிகவும் மெதுவாகும்போதும், நச்சுநிரல் தாக்கும்போதும், பதிப்பு பழையதாகும்போதும் இயங்குதளம் மறுபடி நிறுவப்படுகிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததால் பல வீடுகளில் இத்தேவை எழுந்துள்ளது. இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் குடும்பப் படங்களும் சொந்த எழுத்தும் அழிந்தால் அவற்றைத் திரும்பப் பெறுவது அரிது. இக்கட்டுரை விண்டோஸ் கணினிகளைப் பற்றியது.

எவை அழியும்?

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய கோப்புறைகள் வழக்கமாக சி டிரைவில் உள்ளன. அதை ஃபார்மட் செய்தால் இவை அனைத்தும் போய்விடும். டி டிரைவில் வைத்தவை பாதுகாப்பானவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே வன்தட்டின் பிரிவுகளே. நிறுவும்போது எல்லாப் பிரிவுகளையும் நீக்கினால் டி டிரைவும் அழியும்.

ஃபார்மட் செய்யாமல் நிறுவினால் பழைய கோப்புகள் 'விண்டோஸ்.ஓல்ட்' என்னும் கோப்புறையில் வைக்கப்படலாம். ஆனால் அது சுமார் 10 நாட்களில் தானாக நீக்கப்படும். ஆகவே அதைக் காப்புநகலாகக் கருதக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாதவை

கோப்புறைகளை மட்டும் படியெடுப்பவர்கள் பின்வருவனவற்றைத் தவறவிடுவதுண்டு:

• உலாவியின் புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும். இவற்றைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். கடவுச்சொல் கோப்பை யார் திறந்தாலும் படிக்க முடியும் என்பதால் வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.
• அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களில் இறக்கி வைத்த மின்னஞ்சல்கள். இவை பெரும்பாலும் மறைந்த கோப்புறைகளில் இருக்கும்.
• டாலி போன்ற கணக்கு மென்பொருள்களின் தரவு. அந்த மென்பொருளிலேயே உள்ள காப்புநகல் வசதியைப் பயன்படுத்துவது நல்லது.
• பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் உரிம எண்கள்.
• பிட்லாக்கர் மறையாக்கம் இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண். இது இல்லாமல் மறையாக்கம் செய்த டி டிரைவைப் பின்னர் திறக்க முடியாமல் போகலாம்.

தமிழ் எழுத்துருக்கள்

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் ஆவணங்கள் பாமினி, டிஸ்கி, டாம், டாப் போன்ற வெவ்வேறு குறியாக்கங்களில் தட்டச்சு செய்யப்பட்டன. இவற்றில் தமிழ் எழுத்துகள் பிற எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் வைக்கப்பட்டிருந்தன. அதே எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் ஆவணம் பொருளற்ற எழுத்துகளும் குறிகளுமாகத் தோன்றும். அதனால், கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாத நிலை ஏற்படும்.

எனவே விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' கோப்புறையிலிருந்து பழைய தமிழ் எழுத்துருக்களையும் படியெடுக்க வேண்டும். முக்கியமான ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றி, பி.டி.எஃப். வடிவிலும் ஒரு படி வைப்பது மேலும் நல்லது. அழகி, என்.எச்.எம். ரைட்டர் போன்ற தட்டச்சுக் கருவிகளின் நிறுவல் கோப்புகளையும் சேர்த்து வைக்கலாம்.

எங்கே படியெடுப்பது?

வெளி வன்தட்டு ஏற்றது. பென் டிரைவும் போதும். ஆனால் அது ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள ஒரு கோப்பை ஏற்காது. நீளமான திருமணக் காணொளிகள் இந்தக் காரணத்தால் விடுபடக்கூடும். எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையில் இச்சிக்கல் இல்லை.

ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பில் ஒரு கவனம் தேவை. மேகக் குறியுடன் தெரியும் கோப்புகள் கணினியில் இல்லை. இணையத்தில் மட்டுமே உள்ளன. மேலும் அது ஒத்திசைவு முறையில் இயங்குவதால், கணினியில் நீக்கியது இணையத்திலும் நீங்கும். அதை இரண்டாம் படியாக மட்டும் கொள்வது நன்று.

சரிபார்த்தல்

திறந்து பார்க்காத படியைக் காப்புநகல் என்று நம்ப முடியாது. மூலக் கோப்புறை, படி ஆகியவற்றின் கோப்பு எண்ணிக்கையையும் அளவையும் முதலில் ஒப்பிட வேண்டும். பின்னர் வெளி வன்தட்டை வேறொரு கணினியில் இணைத்துச் சில படங்கள், ஒரு காணொளி, ஒரு பழைய தமிழ் ஆவணம் ஆகியவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். எழுத்துரு விடுபட்டிருந்தால் அந்தக் கணினியிலேயே தெரிந்துவிடும். கணினியை ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்வதானாலும் இந்தச் சோதனையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும்.

நிறுவும் நேரத்தில் வெளி வன்தட்டைக் கழற்றி வைக்க வேண்டும். இணைத்தே வைத்திருந்தால் தவறுதலாக அதையும் ஃபார்மட் செய்ய நேரலாம். வைஃபைக்கான டிரைவர் மென்பொருளை முன்பே பென் டிரைவில் இறக்கி வைத்தால், நிறுவிய பின் இணையம் கிடைக்காமல் தவிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் மீண்டும் கணினிக்கு மாற்றிய பின்னும் காப்புநகலை அழிக்க வேண்டாம். கணினியில் ஒரு படி, வெளி வன்தட்டில் ஒரு படி, வீட்டுக்கு வெளியே ஒரு படி என மூன்று படிகள் இருந்தால், வன்தட்டு பழுதானாலும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தாலும் கோப்புகள் தப்பும்.