நெம்புகோல் வேலையைக் குறைக்கிறதா? ஒரு ஸ்கேல், மூன்று நாணயம் போதும்!

'நெம்புகோல் நம் வேலையைக் குறைக்கும்.' சரியா, தவறா? பலரும் சட்டென்று 'சரி'ன்னு சொல்லிடுவோம். ஆனால், இயற்பியல்படி அது தவறு. பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும்போது இந்த இடத்தைத் தெளிவாக்கிவிட்டால், மற்றதெல்லாம் தானே புரியும்.

வேலை என்றால் என்ன?

விசையை, அதன் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது வேலை. பொருள் நகரவில்லை என்றால் வேலை பூஜ்யம். 'தண்ணி கேனைத் தூக்கிட்டு சும்மா நின்னாலும் கை வலிக்குதே?' என்று பிள்ளை கேட்கலாம். நல்ல கேள்வி! தசை இறுகியே இருக்க உடல் ஆற்றலைச் செலவழிக்கிறது; களைப்பு அதனால்தான். கேன் மீது செய்த வேலை மட்டும் பூஜ்யம்.

செய்து பாருங்க

30 செ.மீ. ஸ்கேலின் நடுவில், 15-க்கு அடியில், பென்சிலை வைங்க. அதுதான் ஆதாரப்புள்ளி. ஒரே மாதிரி நாணயங்களில் இரண்டை அடுக்கி 10-ன் மேலும், ஒன்றை 25-ன் மேலும் வைங்க. ஒற்றை நாணயம் இரண்டைச் சமன் செய்யும். காரணம், 2 × 5 = 10; 1 × 10 = 10.

இப்போ லேசா அசைங்க. ஜோடி 1 மி.மீ. உயர, ஒற்றை 2 மி.மீ. இறங்கும். விசை பாதி, தூரம் இரண்டு மடங்கு, வேலை அதேதான். அதாவது, நெம்புகோல் தருவது தள்ளுபடி இல்லை, இ.எம்.ஐ.! உராய்வு கொஞ்சம் வட்டியும் பிடிக்கும்.

மூணு வகை

ஆதாரப்புள்ளி நடுவில் இருந்தால் முதல் வகை: கத்தரிக்கோல், கிணற்று ஏற்றம். பளு நடுவில் இருந்தால் இரண்டாம் வகை: பாக்குவெட்டி. விசை நடுவில் இருந்தால் மூன்றாம் வகை: நம்ம முன்னங்கை.

முழங்கைதான் ஆதாரப்புள்ளி. கையை மடக்கும் தசை அதிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி இழுக்கிறது, உள்ளங்கையோ சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. கையை மடக்கி 5 கிலோ அரிசிப் பையை ஏந்தினால், தசைக்கு அது 35 கிலோ இழுவை! பதிலுக்கு, தசை கொஞ்சம் சுருங்கினாலே கை வெகுதூரம் வேகமாக நகரும்.

முதுகுக்கும் இதே கணக்குதான். சிலிண்டரோ, லேப்டாப் பையோ, எதைத் தூக்கினாலும் உடம்போடு ஒட்டிப் பிடிங்க. தூரம் குறைந்தால் முதுகுத் தசையின் பாரமும் குறையும்.

பிள்ளைக்குப் புரிஞ்சுதா என்று பார்க்க, கதவைக் கீல் பக்கமாகத் தள்ளச் சொல்லுங்க. கைப்பிடி ஏன் மறுமுனையில் இருக்கு என்பதை அவங்களே சொல்லிடுவாங்க.