ஹீரோ தெலுங்கு, ஹீரோயின் தமிழ்... நம்ம முதல் பேசும்பட நாயகி டி.பி.ராஜலட்சுமி யார்?

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? கண்டக்டர் தமிழில் கேட்பார், ஜன்னல் சீட் பாட்டி தெலுங்கில் பதில் சொல்வார். டிக்கெட்டும் வந்துவிடும், மீதிச் சில்லறையும் வந்துவிடும். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் இதெல்லாம் சகஜம்.

1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' படத்திலும் இதே கதைதான்! தமிழின் முதல் பேசும்படம் என்று நாம் கொண்டாடும் அந்தப் படத்தில் நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். நாயகனுக்குத் தமிழ் சரியாக வராது என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. டப்பிங் எல்லாம் அப்போது ஏது? தமிழில் பேசிய அந்த நாயகிதான் டி.பி.ராஜலட்சுமி.

சரி, யார் இவர்?

1911-ல் திருவையாறில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் இருக்கும் 'டி.பி.' ஊர்ப் பெயரும் அப்பா பெயரும்தான்: திருவையாறு பஞ்சாபகேச சாஸ்திரி. அப்பா கிராமக் கர்ணம். சின்ன வயசிலேயே ராஜலட்சுமிக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள், அது நிலைக்கவில்லை. அப்பாவும் இறந்துபோக, அம்மாவும் மகளும் பிழைப்புக்காகத் திருச்சிக்கு வந்தார்கள். கையில் இருந்த சொத்து என்றால் அந்தச் சிறுமியின் குரல் மட்டும்தான். சாமண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்தார்.

அப்போதெல்லாம் பல கம்பெனிகளில் பெண் வேடத்தையும் பையன்களே போடுவார்கள். (ஆர்.கே.பேட்டை பக்கத் தெருக்கூத்தில் திரௌபதிக்குச் சேலை கட்டுவது இன்றும் பெரும்பாலும் ஆண்தான்.) அந்தக் காலத்தில், கல்யாணம் முறிந்த ஒரு பிராமணப் பெண் மேடையேறினால் அக்கம்பக்கம் என்ன பேசியிருக்கும்? யோசித்துக்கொள்ளுங்கள்.

மைக் இல்லாத கொட்டகை. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பாட வேண்டும். சினிமா பேச ஆரம்பித்தபோது இந்தப் பயிற்சிதான் கைகொடுத்தது. பின்னணிப் பாடகர் என்ற வழக்கமே இல்லாததால், கேமரா முன் நடிப்பவரே பாடியாக வேண்டும். ஊமைப்படத்திலும் நடித்திருந்த ராஜலட்சுமியைத் தேடி வாய்ப்பு வந்தது. அர்தேஷிர் இரானி தயாரிப்பில், எச்.எம்.ரெட்டி இயக்கத்தில், பம்பாயில் 'காளிதாஸ்' உருவானது. காளிதாசன் கதைதான், ஆனால் நடுவில் காந்தியின் ராட்டினத்தைப் பற்றியும் ஒரு பாட்டு! சென்னை கினிமா சென்ட்ரலில் படம் வந்தபோது, ரயிலில் வந்திறங்கிய படப்பெட்டியை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்பார்கள்.

ஜப்பானில் ஒரு சகோதரி

அதே 1931-ல் ஜப்பானின் முதல் வெற்றிகரமான பேசும்படமும் வந்தது. அதில் நடித்த தனாகா கினுயோவும் மேடையிலிருந்து வந்தவர்தான். சிறுமியாக பிவா என்ற நரம்பு வாத்தியம் கற்று, பெண்பிள்ளைகளின் இசை நாடகக் குழுவில் ஆடியவர். 1953-ல் இயக்குநரும் ஆனார்.

நம்மவர் இதில் 17 வருஷம் சீனியர். 1936-லேயே 'மிஸ் கமலா' படத்தை இயக்கிவிட்டார், அதுவும் தான் எழுதிய நாவலிலிருந்து! தயாரிப்பும் அவரே, நாயகியும் அவரே. இன்று ஒரு ஹீரோ தானே எழுதி, இயக்கி, தயாரித்தால் ட்ரெண்டிங் ஆக்குகிறோம். அப்போது அவருக்கு வயது 25.

1961-ல் கலைமாமணி விருது, 1964-ல் மறைவு. மிச்சத்தைத் தேடி யூடியூப் பக்கம் போகாதீர்கள். தனாகா இயக்கிய ஆறு படங்களையும் சமீபத்தில் புதுப்பித்து உலக விழாக்களில் காட்டினார்கள். 'காளிதாஸ்', 'மிஸ் கமலா' இரண்டுக்கும் ஒரு பிரிண்ட்கூட இல்லை. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், கெட்டுப்போகும். அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கப்பட்ட சுருள்களும் ஏராளம். தமிழ் சினிமாவில் முதலில் பேசிய நாயகியை இன்று சில ஸ்டில்களில் பார்க்கலாம். 'காளிதாஸி'ல் அவர் எப்படிப் பேசினார் என்று மட்டும் கேட்க முடியாது.