கோலி சோடாவின் கதை

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

கோடை வெயிலில் பேருந்தை விட்டு இறங்குகிறோம். தொண்டை வறண்டு கிடக்கிறது. எதிரே பெட்டிக்கடை. கடைக்காரர் பச்சை நிறப் புட்டி ஒன்றை ஈரச் சாக்கிலிருந்து எடுத்து, கட்டைவிரலை வாயில் வைத்து ஓர் அழுத்து அழுத்துகிறார். 'டப்' என்று ஓர் ஓசை. அதைத் தொடர்ந்து 'சர்ர்' என்று ஒரு சீறல். அதைக் கேட்ட மாத்திரத்திலேயே பாதித் தாகம் தணிந்துவிடுகிறதன்றோ! அந்த ஓசைக்குள் ஒளிந்திருக்கும் விஞ்ஞானத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

சென்ற ஆண்டு வகுப்பில் பேராசிரியர் ஹென்றி விதியை நடத்தினார். வாயுவின் அழுத்தம் கூடக் கூட, அது திரவத்தில் கரையும் அளவும் கூடும் என்பது அவ்விதி. வில்லியம் ஹென்றி என்னும் ஆங்கிலேயர் 1803-ல் வெளியிட்டது. "இதற்கு அன்றாட வாழ்விலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்றார் பேராசிரியர். நண்பர்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களின் பெயர்களை அடுக்கினார்கள். நான் வாய் திறக்கவில்லை. என் தந்தையார் சோடாக் கடைக்காரர். அதை வகுப்பில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

முதலில் சோடா பிறந்த கதை. 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் பாதிரியார் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். பின்னாளில் பிராணவாயு ஆராய்ச்சியால் புகழ் பெற்றவரும் இவரே. பீர் புளிக்கும் தொட்டிகளுக்கு மேலே கரியமில வாயு தேங்கி நிற்பதைக் கண்டு, அதில் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தார். தண்ணீரில் இதமான ஒரு சுறுசுறுப்பு ஏறியிருந்தது! செய்முறையை 1772-ல் நூலாகவும் வெளியிட்டார். ஆனால் காசாக்கியவர் வேறொருவர். ஜெனீவாவில் கடிகாரம், நகை வேலை செய்துவந்த ஜேக்கப் ஷ்வெப் 1783-ல் இதைத் தொழிலாகவே தொடங்கிவிட்டார்.

சோடா செய்வது ஒரு பங்கு வேலை என்றால் அதை அடைத்து வைப்பது மூன்று பங்கு வேலை. தக்கை வைத்து அடைத்தார்கள். தக்கை காய்ந்தால் சுருங்கும்; வாயு நழுவிவிடும். எனவே அடிப்பாகம் முட்டை போல் உருண்ட புட்டிகளைச் செய்தார்கள். அவற்றை நிறுத்தி வைக்கவே முடியாது! படுக்க வைத்தே ஆகவேண்டும். அப்போதுதான் சோடா தக்கையை நனைத்துக்கொண்டேயிருக்கும். கடைக்காரர் சோம்பேறித்தனமாக நிமிர்த்தி வைத்துவிடக் கூடாதென்று புட்டியின் உருவத்திலேயே கட்டளை போட்டுவிட்டார்கள். இந்த யோசனையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

இந்நிலையில் வந்தார் ஹைரம் காட். தக்கைக் கம்பெனிக்கு ஊர் ஊராய்ச் சுற்றி விற்பனை செய்தவர் இவர். தக்கை விற்றவரே தக்கைக்கு முடிவு கட்டினார்! 1872-ல் அவர் செப்பம் செய்து காப்புரிமை பெற்றதுதான் நம் கோலி சோடாப் புட்டி. ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் அதன் அமைப்பில் பெரிய மாற்றம் இல்லை.

அதன் சூட்சுமம் இதுதான். புட்டியின் வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம். கழுத்தில் ஒரு கண்ணாடிக் கோலி. புட்டியைக் கவிழ்த்தால் கோலி வளையத்தின் மேல் வந்து விழுகிறது. உள்ளே இருக்கும் வாயு அதை வெளிப்பக்கமாக நெட்டித் தள்ளுகிறது. கோலி வளையத்தில் பதிந்து அடைத்துக்கொள்கிறது. பிறகு புட்டியை நிமிர்த்தினாலும் கோலி விழாது. அதாவது, தப்பி ஓடப் பார்க்கும் வாயுவே கதவையும் சாத்திக்கொள்கிறது. தக்கையைப் பொறுத்தவரை வாயு எதிரி. கோலிக்கோ அதுவே காவலாளி.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளையத்தின் துளை ஒரு சென்டிமீட்டர் விட்டம் என்று கொண்டால் பரப்பு சுமார் 0.8 சதுர சென்டிமீட்டர். உள்ளே இருப்பது வெளிக்காற்றைவிட மூன்று வளிமண்டலம் கூடுதலான அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கோலியின் மேல் விழும் விசை ஏறக்குறைய 2.4 கிலோ எடைக்குச் சமம். கோலியின் சொந்த எடையோ ஐந்து கிராம் அளவுதான்! கடைக்காரரின் கட்டைவிரல் ஏன் காய்த்துப் போகிறது என்பதற்கும் இக்கணக்கிலேயே விடை இருக்கிறது. அழுத்தியதும் மேலே தேங்கியிருந்த வாயு பாய்ந்து வெளியேறுகிறது, அழுத்தம் வீழ்கிறது, ஹென்றி விதிப்படி கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பொங்குகிறது. எலுமிச்சை சோடாவில் உப்பைத் தூவியதும் நுரை கொப்பளித்து வழிவதைப் பார்த்திருப்பீர்கள். அது உப்பு செய்யும் வேதிவினை என்றே நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். குமிழி தோன்றுவதற்கு ஓர் இடம் வேண்டும். உப்புத் தூளின் கரடுமுரடான பரப்பு அந்த இடத்தைக் கொடுக்கிறது, அவ்வளவே.

புட்டியின் கழுத்தை உற்றுப் பார்த்தால் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு குழிவுகள் தெரியும். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. குழிவுள்ள பக்கம் கீழே இருக்குமாறு சாய்த்தால் கோலி அவற்றில் தட்டி நின்றுவிடும்; சோடா தாராளமாக இறங்கும். மாற்றிச் சாய்த்தால் கோலி உருண்டு வந்து வாயை அடைக்கும். புதிதாகக் குடிப்பவர்கள் புட்டியோடு மல்லுக்கட்டுவது இதனால்தான்.

இனி எங்கள் கடை மிஷினுக்கு வருகிறேன். புட்டியில் தண்ணீரும் வேண்டிய சாரமும் ஊற்றி, மிஷினில் பொருத்தி, சிலிண்டரைத் திறந்து, கைப்பிடியால் சுற்ற வேண்டும். புட்டி தலைகீழாகிச் சுழலும். தண்ணீர் குலுங்குவதால் வாயுவும் நீரும் தொட்டுக்கொள்ளும் பரப்பு பெருகி, வாயு விரைவாகக் கரைகிறது. மின்சாரம் வேண்டாம், மூடி வாங்கவும் வேண்டாம். 1892-ல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற தகர மூடி, பின்னர் இங்கிலாந்துக்கும் வந்து கோலிப் புட்டியை மெல்ல மெல்ல விரட்டிவிட்டது. அங்கே வழக்கொழிந்தது இங்கே நிலைத்ததற்கு இந்தச் சிக்கனமே முதற்காரணம் என்பது என் கருத்து.

சிறுவயதில் நான் கைப்பிடி சுற்றும்போதெல்லாம் அப்பா சொல்வது ஒன்றே: "ஏல, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சுத்து!" அவருடைய இடப்புருவத்தின் மேல் ஒரு தழும்பு உண்டு. நான் பிறப்பதற்கு முன் புட்டி வெடித்து ஏற்பட்டது. இன்னும் ஓர் அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அதன்பிறகு ஒவ்வொரு புட்டியையும் விரல் நகத்தால் தட்டி, ஓசையைக் கேட்ட பின்பே அவர் மிஷினில் வைப்பார். 'டிங்' என்று ஒலித்தால் நல்லது. 'டக்' என்று அமுங்கினால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல், உடனே ஒதுக்கிவிடுவார். நிரப்பிய புட்டிகளுக்கு ஈரச்சாக்கு போர்த்துவதும் அவர் வழக்கம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் என்பது நான் படித்தது. பாகை 25 செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் முக்கால் லிட்டர் அளவே கரையும் கரியமில வாயு, 0 பாகையில் 1.7 லிட்டர் கரைகிறது. சூடேறினால் வாயு நீரை விட்டுக் கிளம்பும், அழுத்தம் ஏறும், புட்டி வெடிக்கும். அப்பா எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அட்டவணை அவருக்குத் தெரியாது. சாக்கு காயக்கூடாது என்பது தெரியும்.

விளையாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை நிறைவு பெறாது. வாயைக் குறுக்குவதற்கு முன்பே கோலியை உள்ளே போட்டுவிடுவதால், உடைத்தாலன்றி அதை எடுக்க முடியாது. எங்கள் தெருவில் சோடாக் கோலிக்கு மதிப்பு அதிகம். ஐந்தாம் வகுப்பு படிக்கையில் கடையின் பின்புறம் ஒரு புட்டியை நானே உடைத்துக் கோலியை எடுத்தேன். அன்று பந்தயத்தில் எல்லாரையும் வென்றேன். இரவில் அப்பாவிடம் அடியும் வாங்கினேன். ஜப்பானியக் குழந்தைகளும் இதே புட்டியின் மேல் பிரியம் கொண்டவர்கள் என்று அண்மையில்தான் அறிந்தேன். அலெக்சாண்டர் கேமரன் சிம் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1884-ல் கோபே நகரில் விற்கத் தொடங்கிய 'ராமுனே' பானம் இன்றும் கோலிப் புட்டியிலேயே வருகிறது. லெமனேட் என்னும் சொல்தான் ஜப்பானியர் நாவில் அப்படித் திரிந்ததாம்.

2017 மார்ச்சில் தமிழக வணிகர் சங்கங்கள் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தபோது எங்கள் கடையில் கூட்டம் நெருக்கியது. அம்மாவும் மிஷின் சுற்றினார். அந்த அலை பிறகு ஓய்ந்துவிட்டது. இப்போது நகரங்களில் பளபளப்பான லேபிள் ஒட்டிய கோலி சோடாக்கள் வருகின்றன, வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன. எங்களுக்கு இருக்கும் கவலை புட்டிதான். கடைகளுக்குப் போனவற்றில் சில திரும்புவதில்லை, சில உடைகின்றன. புதிது வாங்கினால் ஒரு புட்டியின் விலையை எடுக்கப் பல தடவை சோடா விற்க வேண்டும்.

சென்ற பொங்கல் விடுமுறையில் ஹென்றி விதியையும் இரண்டு குழிவுகளின் கதையையும் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "குழி எதுக்குன்னு தெரியாமலா இத்தனை வருசம் ஊத்துதேன்?" என்று சிரித்தார். பிறகு, "இதைக் கண்டுபிடிச்ச ஆளு பேரு என்ன சொன்ன?" என்றார்.

"காட், அப்பா."

"சாமி பேராட்டம்லா இருக்கு!" என்றவர், புட்டிக் கணக்கு எழுதும் நோட்டை என்னிடம் நீட்டினார். இருவரும் சேர்ந்து எண்ணினோம். இருநூற்றுப் பதினான்கு இருந்தன. இரண்டு 'டக்' என்றன. அவற்றை ஒதுக்கி வைத்தோம்.