இருவகைச் செலவு

‘செலவு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. கைப்பொருளைக் கொடுத்துக் கழிப்பது ஒன்று; ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்லுதல் மற்றொன்று. முன்னையது இன்று எல்லார் வாயிலும் வழங்குகின்றது. பின்னையது பழைய நூல்களில் பயின்று வருகின்றது. பொருளீட்டப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வருத்தங் கண்டு தன் பயணத்தைச் சிறிது நிறுத்திவைப்பதனைச் ‘செலவழுங்குதல்’ என அகப்பொருள் நூலோர் கூறுவர். இவ்விரு செலவும் ஒருங்கு கூடும் அறச்செயல் ஒன்று இக்காலத்தில் பல நாடுகளிலும் பரவியுள்ளது. நெடுந்தொலைவு மிதிவண்டியிற் சென்று, அச்செலவை முன்னிட்டு மக்களிடம் பொருள் திரட்டி, ஆறும் காடும் நிலமும் காற்றும் கெடாமற் காக்கும் பணிக்கு அப்பொருளை அளிப்பதே அது. அது நடைபெறும் முறையையும், அதன்கண் போற்றத்தக்க நெறியையும் ஈண்டுக் காண்போம்.

பயணமும் கொடையும் இணைந்து நிற்றல் நமக்குப் புதிதன்று. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்பட்ட மற்றொரு கலைஞனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் மலைபடுகடாம் நன்னன் என்னும் வள்ளலைப் பாடுவது. அவனுடைய செங்கண்மா, இன்று திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள செங்கம் என்பர். சேயாற்றையும் அந்நூல் குறிப்பிடுகின்றது. 583 அடிகள் கொண்ட அப்பாட்டின் பெரும்பகுதி, வழியிடையே நேரும் இடர்களையும், அவற்றைக் கடக்கும் வகையையும், உணவும் தங்குமிடமும் கிடைக்கும் இடங்களையும் கூறுகின்றது. கொடையை நாடிச் செல்வோர் முதற்கண் வழியை அறிதல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் கருத்து. அக்கூத்தர் தம் வறுமை தீரச் சென்றனர். இன்றைய மிதிவண்டிச் செலவினரோ, வாய் திறந்து கேட்கவியலாத ஆற்றுக்கும் மரத்துக்குமாகக் கேட்கச் செல்கின்றனர். வேறுபாடு அவ்வளவே.

பிறர்பொருட்டு நடந்து கேட்ட பெருமகனார் ஒருவரையும் நம் நாடு கண்டது. 1951-ஆம் ஆண்டு ஏப்பிரல் 18-ஆம் நாள், தெலுங்கானப் பகுதியிலுள்ள போச்சம்பள்ளி என்னும் நெசவாளர் ஊரில், நிலமற்ற ஏழை மக்கள் வினோபா பாவேயிடம் 80 ஏக்கர் நிலம் வேண்டினர். அவர் ஊராரை நோக்கிக் கேட்க, இராமச்சந்திர ரெட்டி என்பார் 100 ஏக்கர் தர முன்வந்தார். பூதான இயக்கம் அன்று பிறந்தது. அதன்பின் வினோபா பல்லாண்டுகள் நாடெங்கும் கால்நடையாகச் சென்று நிலம் கேட்டார். வீட்டிலிருந்தபடியே கேட்பவனுக்கு இரங்காத நெஞ்சமும், புழுதி படிந்த காலோடு வாயிலில் வந்து நிற்பவனுக்கு இரங்கும். கேட்பவன் தன் உடலுழைப்பை முதலில் வைக்கின்றான். கொடுப்பவன் தன் பொருளைப் பின்னர் வைக்கின்றான். அறப்பயணத்தின் ஆற்றல் இவ்விடத்திலேதான் உள்ளது.

கடல் கடந்த நாட்டில் நிகழ்ந்த ஒரு செயலும் இதனை விளக்கும். எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த தெரி பாக்சு என்னும் கனடா நாட்டு இளைஞர், 1980-ஆம் ஆண்டு பொய்க்கால் பொருத்திக்கொண்டு 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அந்நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்காக, தம் நாட்டார் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தரவேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். நோய் மீண்டும் பற்றியதால் பயணம் இடையில் நின்றது. ஆயினும் 1981-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 2 கோடியே 41 இலட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அன்று அந்நாட்டு மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவே. தம் ஓட்டத்தால் எந்த வணிக நிறுவனமும் ஆதாயம் அடைதல் கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

இம்முறையே பின்னர்ச் சுற்றுச்சூழல் காக்கும் பணிக்கும் வந்தது. அமெரிக்க நாட்டில் 2008-ஆம் ஆண்டு, நியூயார்க்கிலிருந்து தலைநகராகிய வாசிங்டன் வரை ஏறத்தாழ 300 மைல் மிதிவண்டிச் செலவு ஒன்று தொடங்கப்பெற்றது. அதிற் சேர விரும்புவோர் ஒவ்வொருவரும் குறித்த தொகை ஒன்றைத் தம் உற்றார் நண்பரிடம் திரட்டிச் சூழல் காக்கும் அமைப்புகளுக்கு அளித்தல் வேண்டும். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில், காவிரி பிறக்கும் தலைக்காவேரியிலிருந்து மோட்டார் சைக்கிள் பயணம் ஒன்று புறப்பட்டுத் தமிழகம் வந்தது. ஈஷா அமைப்பினர் நடத்திய அப்பயணத்தில், மரக்கன்று ஒன்றுக்கு 42 ரூபாய் என மக்களிடம் கேட்கப்பட்டது. ‘ஆற்றைக் காக்க உதவுக’ என்று பொதுப்படக் கேட்பதினும், ‘ஒரு கன்றுக்கு இவ்வளவு’ என்று அளவு காட்டிக் கேட்பது கொடுப்பவர் மனத்தில் எளிதிற் பதியும்.

சூழலைக் காக்கப் பொருள் எதற்கு என்று சிலர் வினவலாம். கெடுப்பதற்குச் செலவு சிறிது. திருத்துவதற்கே செலவு பெரிது. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றிற் கலந்தது. பாசனத்திற்கென அமைத்த ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவுநீரே தேங்கிற்று. 2011-ஆம் ஆண்டு சனவரியில், கழிவுநீரை முற்றும் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆறு கெட்டதால் உழவரும் வருந்தினர். பட்டறைகள் மூடப்பட்டதால் தொழிலாளரும் வருந்தினர். நூலும் சாயமும் வாழ்வாக உள்ள ஊர்கள் அனைத்தும் நினைவிற் கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது.

ஆரணி வட்டாரத்தில் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற தேவிகாபுரத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவ்வூர் மாணவர் பதின்மர், பெரியநாயகி அம்மன் கோயில் வாயிலினின்று கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் செல்லக் கருதுகின்றனர் என்க. ஏரிக்கரையில் 100 மரங்களை நட்டு வளர்ப்பது அவர்தம் நோக்கம். நடவு, நீர், வேலி, மூன்றாண்டுக் காவல் எல்லாம் சேர்த்து மரம் ஒன்றுக்கு 300 ரூபாய் ஆகும் எனக் கொள்வோம். தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளர் ஒருவர், ‘கிலோமீட்டருக்கு 50 காசு தருவேன்’ என உறுதி கூறுகின்றார். 600 கிலோமீட்டருக்கு 300 ரூபாய். அஃதாவது ஒரு மரம். இவ்வாறு 100 பேர் இசைந்தால் 30,000 ரூபாய், நூறு மரங்கள். செல்வோர் 400 கிலோமீட்டரோடு நின்றுவிடின் ஒவ்வொருவர் கொடையும் 200 ரூபாயாகக் குறையும். மிதிப்பவர் உழைப்பும் கொடுப்பவர் பொருளும் ஒரே கோலால் அளக்கப்படுவது இம்முறையின் சிறப்பு.

இனி, இக்கணக்கின் மறுபுறத்தை நோக்குக. பதின்மரும் நாளொன்றுக்கு 75 கிலோமீட்டர் வீதம் எட்டு நாள் செல்கின்றனர். உணவுக்கும் தங்குவதற்கும் வண்டி பழுது பார்ப்பதற்குமாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய் ஆயின், மொத்தம் 24,000 ரூபாய். இத்தொகையைத் திரட்டிய பொருளிலிருந்தே எடுத்துவிட்டால் எஞ்சுவது 6,000 ரூபாய். நூறு மரங்கள் இருபதாகச் சுருங்கிவிடும்! தாம் ஒரு மரம் கொடுத்ததாக எண்ணி மகிழ்ந்திருக்கும் நூற்றுவருள் எண்பதின்மர், உண்மையில் பிறருடைய பயணத்திற்கே பொருள் கொடுத்தவராவர். இங்குக் களவு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. ஆயினும் நம்பிக்கை கெட்டது. மறுமுறை அவ்வூரில் எவர் கேட்டாலும் கதவு திறவாது.

ஆதலின் இருவகைச் செலவையும் கலவாது வைத்தல் முதல் நெறியாகும். வழிச்செலவைச் செல்பவர் தாமே ஏற்றல் வேண்டும். அன்றி, ‘இது வழிச்செலவுக்கு’ என்று அறிந்தே தருபவரிடம் பெறுதல் வேண்டும். வழியிலுள்ள பள்ளிகளிலும் சத்திரங்களிலும் இசைவு பெற்றுத் தங்கினால் அச்செலவு பெரிதும் குறையும். உண்டியல் இரண்டு, கணக்கேடும் இரண்டு. கொடுத்தவர் அனைவருக்கும், தொகை எத்துணைச் சிறிதாயினும், பற்றுச்சீட்டு அளித்தல் வேண்டும். முடிவில் வரவையும் செலவையும் ஊரார் காணும் இடத்தில் எழுதி ஒட்டுதல் வேண்டும்.

திரட்டிய பொருள் சேரவேண்டிய இடத்தைச் சென்று சேர்தல் இரண்டாம் நெறி. பூதான இயக்கத்திற்கு 40 இலட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் வாக்களிக்கப்பட்டது. ஆயினும் அதில் ஒரு பெரும்பகுதி ஏழைகளின் கைக்குப் போய்ச் சேரவில்லை. சில நிலங்கள் பயிரிடத் தகாதன; சிலவற்றில் வழக்கு இருந்தது; சிலவற்றிற்கு உரிமை மாற்றப்படவேயில்லை. கேட்டவரின் தூய்மையில் குறை இல்லை. பெற்றதைப் பகிர்ந்தளிக்கும் பணியிலேயே தளர்ச்சி நேர்ந்தது. மரம் நடும் அறத்திற்கும் இது பொருந்தும். நட்ட நாளில் எண்ணிய கன்றுகளை மூன்றாண்டு கழித்தும் எண்ணுதல் வேண்டும். பட்டுப்போனவற்றின் இடத்தில் வேறு நடுதல் வேண்டும்.

தறியைக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நெசவாளர் முதலிற் பாவினை நீட்டி இறுகக் கட்டுவர். பின்னரே நாடா ஊடையிழையைச் சுமந்து அங்குமிங்கும் ஓடும். பாவில் இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்திப் பிணைப்பர். பிணைக்காது விட்டால் அக்குறை சேலையின் நீளமெல்லாம் தெரியும். அறப்பயணத்திற்கு நோக்கமும் நேர்மையும் பாவு. மக்கள் தரும் சிறு காசுகள் ஊடை. பாவு உறுதியாயின், ஊடை எத்துணை மெல்லியதாயினும் ஆடை உருவாகும்.

மாணவர்களே! மிதிவண்டி புகை கக்குவதில்லை. வழியெல்லாம் மக்கள் முகம் பார்த்துப் பேச இடந்தருவது. அதில் ஏறி நாட்டைக் காணுங்கள். நல்ல பணிக்குக் கூசாது கேளுங்கள். கேட்டு வாங்கிய ஒவ்வொரு காசும் பிறருடையது என்பதை மட்டும் மறவாதீர்கள். கால்களின் செலவு கன்னியாகுமரியில் முடியலாம். கைப்பொருளின் செலவோ, ஏரிக்கரை மரம் நிழல் தரும் நாளிலேதான் முடியும்.