கரும்புகை கக்கும் விசைத் தெளிப்பான்

ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் காடுகளில் புரட்டாசியில் விதைத்த மானாவாரி மக்காச்சோளம் குருத்து விட்டு வளரும்போதே படைப்புழுவும் வந்துவிடுகிறது. 2018ஆம் ஆண்டு தமிழகத்தில் காணப்பட்ட இப்புழு குருத்துக்குள் பதுங்குவதால், மருந்தும் அங்கே இறங்க வேண்டும். முதுகில் சுமக்கும் விசைத் தெளிப்பான் அந்த நேரம் பார்த்து வேகம் பிடிக்காமல் கரும்புகை கக்கினால், காற்று வீச்சு குறைந்து துளிகள் பெருத்துவிடும். மருந்து மேல் இலையிலேயே வழிந்து வீணாகும்.

காற்றின் அளவுக்கு மீறிப் பெட்ரோல் செல்வதே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. காற்று குறைந்தால் பெட்ரோல் அரைகுறையாக எரிந்து கரியாகிறது.

என்ஜினை நிறுத்தி, சூடு ஆறியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனையில் காய்ந்த புகைக்கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கும் நீலப்புகையும் இருந்தால் ஆயில் கலவையைச் சரிபார்க்க வேண்டும். இளம் காப்பி நிறம் நல்லது. இன்னொரு சோதனையும் உண்டு. என்ஜின் ஓடும்போதே பெட்ரோல் குழாயை மூடுங்கள். நிற்பதற்குச் சற்று முன் என்ஜின் சீராகி வேகமெடுத்தால் சந்தேகமே வேண்டாம்.

உடனே கார்புரேட்டர் திருகைத் திருகுவோர் பலர். அது கடைசி வேலை. முதலில் சோக் முழுதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது காற்று வடிகட்டி. கரிசல் புழுதி அதை எளிதில் அடைத்துவிடும். பஞ்சு வடிகட்டியைச் சோப்பு நீரில் அலசி, நன்கு உலர்த்திப் பொருத்த வேண்டும். வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் புழுதி பிஸ்டனைத் தேய்த்துவிடும்.

என்ஜின் நின்றபின்னும் கார்புரேட்டரில் பெட்ரோல் ஒழுகினால் மிதவையின் ஊசியில் தூசி சிக்கியிருக்கும் அல்லது ஊசி தேய்ந்திருக்கும். இவை எல்லாம் சரியாயிருந்தும் புகை நிற்காவிட்டால், திராட்டில் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மட்டும் மேலே மாற்றலாம். ஊசி கீழிறங்கி, பெட்ரோல் குறையும். அளவு மீறிக் குறைத்தால் பிளக் வெளுத்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அந்தச் செலவு பெரிது. இச்சோதனைகளைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். கொட்டகைக்குள் தேங்கும் புகை உயிருக்கே ஆபத்து.

பருவம் முடிந்ததும் டாங்கிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் தேங்கினால் அது பிசினாகி ஊசியிலும் ஜெட்டிலும் ஒட்டிக்கொள்ளும்.