உங்கள் பூட்டியின் பெயர் என்ன?

பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று வாய் நிறையச் சொல்கிறோம். நம் வீட்டு ஆண்களிடம் பூட்டன் பெயரைக் கேட்டால் தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிடுவார்கள். காடு அவர் பெயரில் இருந்தது, கிணறு அவர் வெட்டியது, பத்திரத்தில் அவர் கைநாட்டு இருக்கிறது. பூட்டி பெயரைக் கேட்டுப் பாருங்கள். "அதுவா... ஆத்தா ஆத்தான்னுதான் கூப்பிடுவாங்க" என்று இழுப்பார்கள். எட்டுப் பிள்ளை பெற்று, களை பறித்து, கம்பு இடித்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிய மனுஷிக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் அல்லவா?

சகோதரிகளே, அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதிலும் கிராமத்தில் பயிர் செய்து பிழைத்த கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால், மற்றவர்களைவிட உங்களுக்குக் கொஞ்சம் சுலபம். காரணம், பங்குக் கோயில் அலமாரியில் இருக்கும் பழைய ஏடுகள். பங்குச் சாமியார்கள் கல்யாணத்தையும் ஞானஸ்நானத்தையும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று திரெந்து சங்கம் 1563-ல் விதித்தது. எந்தெந்தப் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்ற மாதிரியை 1614-ல் ரோமையில் வெளியிட்ட சடங்கு நூல் கொடுத்தது. அந்த மாதிரிதான் நம் ஊர்ப் பொட்டல் காட்டுக் கோயில் வரைக்கும் வந்து சேர்ந்தது.

ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு வரியைப் பாருங்கள். பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், ஞானத்தகப்பன், ஞானத்தாய். சர்க்கார் கணக்கில் அந்தக் காலத்தில் ஊர் முன்சீப்பு "ஆண் ஒன்று", "பெண் ஒன்று" என்று குறித்ததோடு சரி. பல கிராமங்களில் குழந்தையின் பெயரே இருக்காது. பட்டாவில் பெண்பிள்ளை பெயர் வருவது அபூர்வம். கோயில் ஏட்டில் மட்டும் ஒரு பிள்ளை பிறந்தால் இரண்டு பெண்களின் பெயர் விழும்: பெற்றவள் ஒருத்தி, ஏந்தினவள் ஒருத்தி. சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாமல் பண்ணையாளாகவே இருந்து மறைந்த குடும்பங்களுக்கோ பத்திரம், பட்டா எதுவும் கிடையாது. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு வரிதான் சாட்சி. சில பழைய ஏடுகளில் சாதியையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பார்க்கும்போது மனசு சங்கடப்படத்தான் செய்யும்.

எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்று கேட்பீர்கள். மதுரை மிஷன் பழமையானது. ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606-ல். அருளானந்தர் ஓரியூரில் வேதசாட்சியாக மரித்தது 1693-ல். ஆனால் அந்தக் காலத்து ஊர் ஏடுகள் நமக்குக் கிடைப்பது அபூர்வம். 1773-ல் சேசு சபை கலைக்கப்பட்டு, பிறகு 1830-களின் கடைசியில் பிரெஞ்சுக்காரச் சாமியார்கள் மறுபடி வந்தார்கள். உள்நாட்டுப் பங்குகள் பலவற்றில் ஒழுங்கான ஏடு கிடைப்பது அதற்குப் பின்தான். நம் கணக்குக்கு அதுவே ஐந்தாறு தலைமுறை.

இனிமேல்தான் வேடிக்கை. ஏடு முழுவதும் லத்தீன்! பயப்பட வேண்டாம், பத்து வார்த்தை தெரிந்தால் போதும். "பிலியுஸ்" என்றால் மகன், "பிலியா" என்றால் மகள், "பாப்திசாவி" என்றால் நான் ஞானஸ்நானம் கொடுத்தேன், "ஓபியித்" என்றால் இறந்தார். கஷ்டம் எங்கே என்றால் பெயர்களில். நம் முன்னோருக்கு வேதத்துப் பெயர்களை அர்த்தம் பார்த்துத் தமிழாக்கி வைத்தார்கள். பவுல் என்றால் லத்தீனில் சின்னவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் கடவுளின் அருள், ஆகவே அருளப்பர். லாசர் தேவசகாயம் ஆனார். வீட்டில் சின்னப்பன் என்று கூப்பிட்ட பிள்ளையைச் சாமியார் ஏட்டில் "பவுலுஸ்" என்று எழுதிவிடுவார். ராயப்பன் "பெத்ருஸ்", அருளப்பன் "யொவான்னெஸ்", சூசை "யோசேபுஸ்", சந்தியாகு "யாக்கோபுஸ்", பெலவேந்திரன் "அந்திரேயாஸ்", சவரிமுத்து "சவேரியுஸ்". சின்னப்பனை ஏடு முழுவதும் தேடிவிட்டு, இல்லை என்று திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். தமிழ்ப் பெயரையே எழுதிய இடத்திலும் பிரெஞ்சு எழுத்துக் கூட்டல் குழப்பும். "உ" என்ற ஓசைக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்தைச் சேர்த்துப் போடுவார்கள். முத்துவும் சாமிமுத்துவும் ஆள் அடையாளம் தெரியாமல் நிற்பார்கள். மெதுவாக வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

பெயரே வருஷத்தையும் சொல்லும். லூர்து மாதா காட்சி கொடுத்தது 1858-ல். ஆகையால் லூர்தம்மாள் என்று பெயருள்ளவர் அதற்கு முன் பிறந்திருக்க வழியில்லை. பாத்திமா என்ற பெயர் 1917-க்கு அப்புறம். அடைக்கலம் என்ற பெயர் அடிக்கடி வந்தால் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலோடு நேர்ச்சை, பொருத்தனை ஏதாவது இருந்திருக்கலாம். பரலோகம் என்று வந்தால் காமநாயக்கன்பட்டி பக்கம் விசாரிக்கலாம். இது உறுதியான சாட்சியம் ஆகாது, விசாரிக்க ஒரு நூல் நுனி, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். திருச்சிக்கு மேற்கே மானாவாரிக் காடு. சோளம், கம்பு, கொஞ்சம் கடலை. எங்கள் தாத்தாவின் அம்மா பெயர் மரியாயி என்றே எல்லாரும் நினைத்திருந்தோம். தாத்தாவின் ஞானஸ்நான வரி 1908-ல் இருந்தது. தாய் பெயர் "அலோய்சியா"! மரியாயி அல்ல. இரண்டு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை, அதே அலோய்சியா. 1915-ல் பிறந்த பிள்ளைக்குத்தான் தாய் "மரியா". இறந்தோர் புத்தகத்தைப் புரட்டினோம். 1913, அறுவடை மாசம், அலோய்சியா, வயது 26, அவஸ்தைப்பூசுதல் பெற்றாள், அடக்கம் செய்யப்பட்டாள். அதற்கு மேலேயே இரண்டு நாள் முன்னால் ஒரு பச்சைக் குழந்தையின் அடக்கம். அதே தாய், அதே தகப்பன். பிள்ளைப்பேற்றில் போய்விட்டாள் என்று அங்கேயே புரிந்துவிட்டது. அடுத்த வருஷத்து மெய்விவாகப் புத்தகத்தில் பூட்டனுக்கு மரியாயியோடு கல்யாணம். ஓரத்தில் மேற்றிராணியார் தடைவிலக்குக் கொடுத்தார் என்று ஒரு குறிப்பு. என்ன தடை? மணமகள் இறந்துபோனவளின் கூடப் பிறந்தவள்! அக்கா பிள்ளைகளை வளர்க்கத் தங்கையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். சம்சாரி வீடுகளில் நடக்கிற காரியம்தான்.

எங்கள் அத்தைக்கு அப்போது 88 வயது. ஊருக்குப் போய் "அலோய்சியாவாம், அத்தை" என்றேன். ஞானப்பிரகாசியார் என்று நாம் கும்பிடுகிற புனிதருக்கு லத்தீனில் அதுதான் பெயர். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "பிரகாசி... மூத்த தாரம் ஒண்ணு இருந்துச்சுன்னு எங்க அம்மா சொல்லும். கல்லறைத் திருநாளைக்கு எங்க அப்பா மேக்கு மூலையில ஒரு மெழுகுதிரியைத் தனியாக் கொளுத்துவாரு. யாருக்குன்னு கேட்டா பதில் வராது" என்றது. நூறு வருஷமாகப் பேச்சில் இல்லாத பெயர். பிரகாசி.

மெய்விவாகப் புத்தகத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்களே, அது வெறும் அறிவிப்பு அல்ல. உறவுத் தடை ஏதாவது இருக்கிறதா என்று ஊரையே கேட்பது. நாமோ மாமன் மகள், அத்தை மகன் என்று சுற்றிச் சுற்றி நாலு வீட்டுக்குள்ளேயே கொடுத்து வாங்கினவர்கள். திருச்சபைச் சட்டமோ 1917 வரை மூன்றாம் தலைமுறை மாமன் மச்சான் உறவு வரைக்கும் தடை போட்டது. 1917 சட்டம் அதை இரண்டாம் தலைமுறை வரை குறைத்தது. 1983 முதல், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் வரைதான் தடை. ஒவ்வொன்றுக்கும் விலக்கு வாங்க வேண்டும். வாங்கினால் எந்த முறை உறவு என்று எழுதுவார்கள். பழைய கணக்கில் "இரண்டாம் படி" என்று இருந்தால் சொந்த மாமன் மகளோ அத்தை மகளோ என்று அர்த்தம். "மூன்றாம் படி" என்றால் பாட்டன் பாட்டி உடன்பிறந்தவர்கள். பெண் வீட்டு வம்சமும் இந்த ஒரு குறிப்பிலிருந்து தானே விரியும். 1908 முதல் இன்னொரு வசதி. கல்யாணமானால் அதை அவரவர் ஞானஸ்நான வரியின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பெண்ணை எந்த ஊருக்குக் கட்டிக் கொடுத்தார்கள் என்பது அந்த ஓரத்தில் கிடைக்கும்.

இதில் நம் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. சொந்த மாமன் மகன், அத்தை மகன் என்று கட்டியவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு, உறவில்லாதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படியே கட்டிவந்த குடும்பத்தில் கவலை இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். பயமுறுத்தச் சொல்லவில்லை. பெண் பார்க்கும்போதே வம்சக் கணக்கு கையில் இருந்தால், வாய் பேசாத பிள்ளை எந்த வீட்டில், சின்ன வயசிலேயே சர்க்கரை யாருக்கு, பக்கவாதம் யாருக்கு என்று பார்த்து, டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். அதனால் பெயருக்குப் பக்கத்தில் என்ன வியாதியில் போனார்கள் என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

நிலப் பத்திரத்தில் பெண்கள் வரவே மாட்டார்கள் என்றேனே, ஒரு இடத்தில் வருவார்கள். விடுதலைப் பத்திரம்! கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆனால் வழக்கம் என்ன? நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, இனி காட்டில் பாத்தியதை இல்லை என்று அக்கா தங்கைகளிடம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பத்திரத்தில் எல்லாச் சகோதரிகளின் பெயரும், கணவன் பெயரும், வாக்கப்பட்ட ஊரும் வரிசையாக இருக்கும். கீழே வரிசையாகக் கைநாட்டு. பங்கை விட்டுக் கொடுத்த அன்றைக்குத்தான் அவர்களைப் பத்திரத்தில் ஏற்றியிருக்கிறார்கள்! வில்லங்கச் சான்று போட்டால் பத்திர எண் தெரியும். பிற்கால வருஷங்களை இணையத்திலேயே பார்க்கலாம். பழசுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

எந்தப் பங்கு என்பதில் கவனம் தேவை. இன்று உங்கள் ஊர் தனிப் பங்காக இருக்கலாம். நூறு வருஷத்துக்கு முன் பத்து மைல் தள்ளியிருந்த கோயிலின் கிளைக் கிராமமாக இருந்திருக்கும். ஏடு அங்கேதான். மேற்றிராசனமும் மாறியிருக்கும்: பாளையங்கோட்டை 1973-லும், சிவகங்கை 1987-லும் மதுரையிலிருந்து பிரிந்தன, திண்டுக்கல் 2003-ல் திருச்சியிலிருந்து. சில ஊர்களில் ஒரு காலத்தில் போர்த்துக்கீசிய அதிகாரத்துக்கு உட்பட்ட கோயில் ஒன்றும் ரோமையின் நேர் அதிகாரத்துக்கு உட்பட்டது ஒன்றுமாக இரண்டு இருந்தன. சண்டை போட்டுக்கொண்டு கோயில் மாறிய குடும்பத்தை ஒரு ஏட்டில் மட்டும் தேடினால் பாதியில் நூல் அறுந்துவிடும். இலங்கைத் தோட்டத்துக்கோ மலாயாவுக்கோ போனவர்களின் பிள்ளைகள் அந்த நாட்டுக் கோயில் ஏட்டில் இருப்பார்கள்.

ஏடு பார்க்கப் போவதற்கு முன்னால் ஊர்க் கிழவிகளைப் பாருங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள்; பதில் கிடைக்காது. "1952 புயலுக்கு முன்னாடியா பின்னாடியா? 1977-ல் திருச்சியில் வெள்ளம் வந்தபோது கைக்குழந்தையா? பூசை லத்தீனில் இருந்த காலமா, தமிழில் வந்த பிறகா?" என்று கேட்டால் டக்கென்று வரும். பூசை தமிழுக்கு மாறியது 1960-களின் நடுவில். முன் காலமென்றால் தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876 முதல் 78 வரை. அந்த வருஷங்களில் இறந்தோர் புத்தகம் பக்கம் பக்கமாக நிரம்பும். திருவிழா வரி வாங்கும் தலைக்கட்டு நோட்டு நாட்டாமை வீட்டிலோ உபதேசியார் வீட்டிலோ இருக்கும், அதையும் கேளுங்கள். சில ஊர்களில் கைம்பெண்ணுக்கு அரை வரி. ஒரு வீட்டுக்குத் திடீரென்று அரை வரி ஆனால் அந்த வருஷம் ஆண்பிள்ளை போய்விட்டார் என்று தெரிந்துகொள்ளலாம்.

சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, வார நாளில் போங்கள். ஏட்டைக் கையில் கொடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளக் கூடாது. தகப்பன் பெயர் இல்லாமல் எழுதிய பிள்ளைகள், யாருக்கும் தெரியாமல் வாங்கிய தடைவிலக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. அடுத்த வீட்டுக்காரர் வரியைப் படித்துவிட்டு வந்து குழாயடியில் சொல்கிற பழக்கம் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். காகிதம் மொறுமொறுவென்று உதிரும். பூச்சி அரித்த இடத்தில் விரல் வைக்காதீர்கள். பென்சிலும் நோட்டும் கொண்டு போங்கள். அனுமதித்தால் மட்டும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு தம்பதி. கணவன் பெயருக்குச் சமமான இடத்தில் மனைவி பெயர், அவள் பிறந்த ஊர், அவளுடைய அப்பா, அம்மா. அவள் பெயர் கிடைக்காவிட்டால் "மனைவி" என்று போட்டு முடித்துவிடாமல் ஒரு கோடு இழுத்து இடம் விடுங்கள். பிறந்த ஊர் மட்டுமாவது தெரிந்தால் எழுதி வையுங்கள். அடுத்த கோடை லீவில் அந்த ஊர்க் கோயிலில் கேட்டுக்கொள்ளலாம்.