பொறியின்றிப் பற்றும் பெட்ரோல்

கடலூர்த் துறைமுகத்து விசைப்படகுகளின் டீசல் எஞ்சினில் பொறி எழுப்பும் பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடிப்பாகம் சுடுவதைப்போல, சிலிண்டருக்குள் பன்மடங்கு அழுத்தப்பட்ட காற்றின் உஷ்ணமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்தும் இந்தத் தத்துவம் பெட்ரோலுக்கு நெடுங்காலம் கைகூடாமற் போனது ஏன்?

பெட்ரோலின் சுபாவமே காரணம். டீசல் பீய்ச்சப்படும் கணத்தையொட்டிப் பற்றுகிறது. முன்னதாகவே காற்றோடு கலந்துவிட்ட பெட்ரோலோ, உஷ்ணமும் அழுத்தமும் கூடிவரும் ஏதோவொரு கணத்தில் முழுவதுமாகப் பற்றுவதால், பாரம் மிகுந்தால் உலோகம் அதிர வெடிக்கும், எஞ்சின் குளிர்ந்திருந்தால் பற்றாமலே நின்றுவிடும்.

2019இல் மஸ்டா நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த ஸ்கைஆக்டிவ்-எக்ஸ் பெட்ரோல் எஞ்சின் இதற்குக் கையாளும் யுக்தி அழகானது: பிளக்கின் பொறி சிறு பகுதியை மட்டும் கொளுத்த, விரிந்தெழும் அத்தீயே ஒரு பிஸ்டனைப்போல் நெருக்கி, எஞ்சிய நீர்த்த கலவையைத் தானே பற்றச் செய்கிறது. ஆயினும் கூடுதல் காற்றை ஊட்டும் கருவியும் ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியும் வேண்டியிருப்பதால் விலையும் சிக்கலும் ஏறுகின்றன; முழு வேகத்தை நாடும்போது அது சாதாரணப் பொறி முறைக்கே திரும்பிவிடுகிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சமவெளிச் சாலையில் நிதானமாக ஓட்டுபவருக்கே அதன் சிக்கனம் நன்கு வாய்க்கும்.